இரும்பு படாத மேசை

பேப்பரில் நாலு வரி போட்டிருந்தான். ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசு ஆலையில் உராய்வு காரணமாக வெடி விபத்து, பெண் தொழிலாளர்கள் படுகாயம், போலீசார் விசாரணை. அவ்வளவுதான். வருஷம் பூராவும் இதையேதான் எழுதுகிறார்கள். உராய்வாம், உராய்வு! எதோடு எது உராய்ந்ததாம்? நடுவில் மனுசன் எவனும் கிடையாதா? தீக்காய வார்டில் நர்சாக இருக்கிற எனக்கு அந்த வார்த்தையைப் பார்த்தாலே வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

நான் எழுத வந்தது அந்த நாலு வரியில் வராத ஒரு ஆளைப் பற்றி. அவர் உடம்பில் ஒரு பொட்டுக் காயம் கிடையாது. அதனால் போலீஸ்காரர், தாசில்தார், பேப்பர்காரர் யாருமே அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர் சங்கிலிமுத்து. ஆமத்தூரில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. தச்சு வேலை. நான் அவரை அண்ணன் என்பேன்; அவர் பெண்டாட்டி முருகேஸ்வரியை மதினி என்பேன். சொந்தமெல்லாம் கிடையாது. சாதி வேறு, சாமி வேறு. ஆனால் என் வீட்டுக் கட்டில், சாப்பாட்டு மேசை, துணி அலமாரி எல்லாம் அவர் கையால் செய்தது. அவர் என்னை "சிஸ்டர்" என்பார்; ஆஸ்பத்திரி சிஸ்டர் என்ற அர்த்தத்தில்தான்.

அண்ணன் ஆசாரி வீட்டில் பிறந்தவர் இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். மழை இல்லாமல் காடுகள் பட்டாசுக் கம்பெனிகளாக மாறியபோது ஊர் மொத்தமும் வேனில் ஏறியது, இவரும் ஏறினார். வெடிமருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை. மூச்சு இரைத்து, கண் வீங்கி, வேலையை விட்டுவிட்டு சிவகாசியில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தார். அங்கே உளி பிடித்தவர்தான், பிறகு கீழே வைக்கவே இல்லை.

பட்டாசுக் கம்பெனிக்கு மரச்சாமான் செய்வது தனி வேலை. மருந்து புழங்குகிற ரூமுக்குள் இரும்பு போகக் கூடாது. ஆணி, ஸ்குரு, கீல் எதுவுமே கூடாது. இரும்பு எதிலாவது பட்டுப் பொறி கிளம்பினால் போச்சு. அதனால் மேசையானாலும் அலமாரியானாலும் முழுக்க மரத்தாலேயே பூட்ட வேண்டும். காலின் உச்சியை நாக்கு மாதிரி செதுக்கி, சட்டத்தில் அதற்குச் சரியாகத் துளை வெட்டி, ஒன்றில் ஒன்றை இறக்கி, குறுக்கே ஒரு மர முளையை அடித்து இறுக்குவார் அண்ணன். முளைக்குக் கருவேல மரம். அதையும் வெயிலில் நன்றாக உலர்த்தித்தான் சீவுவார். பச்சை முளையை அடித்தால் காய்ந்ததும் சுருங்கி மேசை ஆட்டம் கொடுக்கும் என்பார். அவர் செய்த மேசைமேல் நான் ஏறி நின்று ஃபேன் துடைத்திருக்கிறேன், என் எடைக்கு அது ஒரு முனகல் முனகியதில்லை.

சீசன் வந்தால் அவர் வீட்டு வாசலில் எப்போதும் ஒரு லோடு ஆட்டோ நிற்கும். அவசரப்படுத்தினால் கோபம் வரும். எந்த ரூமில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்பார். அந்தப் பெண்களை வரச்சொல்லி, மணையில் உட்காரவைத்து, தரையிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு குச்சியால் அளந்துகொண்டுதான் மேசைக் காலை அறுப்பார். நாள் முழுக்கத் திரி வைக்கிறவளுக்குத் தோள் வலிக்கக் கூடாதாம்.

"எங்க முழங்கைய அளந்தது போதும்ணே. மதினி அங்கன கரண்டியோட நிக்காக!" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அண்ணன் தலை நிமிராமல் காதோரம் சிவந்துபோய் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

மரமும் கண்டதை வாங்கமாட்டார். இடித்த வீட்டு விட்டம், கதவு நிலை இப்படிக் காய்ந்து முற்றிய மரமாகத்தான் தேடி எடுப்பார். அதில் பழைய ஆணி முறிந்து கிடக்கும் இல்லையா, அதற்காக ஒரு காந்தம் வைத்திருந்தார், உடைந்த ஸ்பீக்கரில் கழற்றியது. ஒவ்வொரு பலகைமேலும் அதை மெதுவாக இழுத்துக்கொண்டே போவார். எங்கேயாவது லேசாகப் பிடித்தால் அந்தப் பலகை கம்பெனிக்குப் போகாது. வீட்டிலும் அப்படித்தான். சட்டை மாட்டுவதற்குக்கூடச் சுவரில் மர முளைதான். "எங்க வீட்ல தேடுனாலும் ஒரு இரும்பாணி கெடைக்காது சிஸ்டர்" என்று மதினி சிரிப்பார்.

போன வருஷம் சீசனில் ஆர்டர் அதிகம், பழைய மரம் கிடைக்கவில்லை. நாரணாபுரம் பக்கம் ரோட்டை அகலப்படுத்த ஒரு பெரிய வேப்பமரத்தை வெட்டினார்கள். அதன் அடிமரத்தை அண்ணன் வாங்கி, அறுத்து, பலகையை நிழலில் காயப்போட்டார். நடுவில் பாதி பொந்தாக இருந்ததால் தேறியது ஒரே மேசைதான். மிச்சத்தையெல்லாம் டீக்கடைக்காரருக்கு விறகாகக் கொடுத்துவிட்டார். மேசைக்கான பலகையெல்லாம் காந்தம் போட்டுப் பார்த்தார், ஒன்றும் பிடிக்கவில்லை. அந்த மேசை போன ரூமில்தான் மதினிக்கு வேலை. கொண்டவளின் முழங்கைக்கு அளவு எடுத்துச் செய்தது, சும்மா இருக்குமா? அவ்வளவு பாந்தம்.

அந்த ரூமில் மதினியோடு திரி வைக்கிறவர்களில் ஒருத்தி குருவம்மாள். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், பிறந்த ஊர் நாரணாபுரம். மேசை வந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், தூக்குவாளியை மூடி வைத்துவிட்டு மேசையை மோந்து பார்த்திருக்கிறாள்.

"ஏ முருகேசு, வேப்ப வாடை அடிக்குதேடி. எந்த ஊரு மரம்?"

"ஒங்க ஊரு மரந்தேன். ரோடு போட வெட்டுனாகள்ல, பஸ்சு நிக்கிற எடத்துல."

குருவம்மாள் அலறி எழுந்துவிட்டாள். "அடிப் பாதகத்தி! அதுலதானடி என்னையப் பிடிச்ச பேய அடிச்சு வச்சிருக்கு!"

கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது. கோடாங்கி உடுக்கடித்து, இறங்கமாட்டேன் என்ற பேயை இறக்கி, அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்து ஒரு பெரிய ஆணியில் சுற்றி, அந்த ஆணியை அந்த வேம்பில் அடித்திருக்கிறார். பேய் அதோடு மரத்துக்குள் அடங்கிவிட்டது என்று ஐதீகம். மரமும் வளர்ந்து, பட்டை மூடி, ஆணி இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. எங்கள் பக்கத்து ஊர்களில் இப்படி ஆணி வாங்கிய மரங்கள் எத்தனையோ நிற்கின்றன. அந்தந்த ஊர்க்காரர்களுக்குத்தான் எது என்று தெரியும்.

ரூமில் இருந்த பெண்கள் சிரித்துத் தீர்த்திருக்கிறார்கள். "மரத்துலயே நின்னு சலிச்சுப்போயி, பேயும் வேலைக்கு வந்துருச்சு போல. அதுக்கும் ஒரு கூலி போடச் சொல்லு" என்று ஒருத்தி. குருவம்மாள் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை மேசையில் கையே வைக்கவில்லை.

மதினி அதை வீட்டில் வந்து வேடிக்கையாகத்தான் சொன்னார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உருண்டை பிடித்த சோறு கையிலேயே நின்றுவிட்டதாம்.

"ஆணியா? எம்புட்டு ஆணி?"

"அவ என்னத்தக் கண்டா. விரல் தண்டி இருந்துச்சுங்கா. நீங்க சாப்பிடுங்க, பேயுங் கெடையாது பிசாசுங் கெடையாது."

"பேய யாரு கேட்டா? ஆணி கெடக்குதேடி!"

சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். காந்தம் மேலாகக் கிடக்கிற இரும்பைத்தான் பிடிக்கும், கனத்த பலகைக்கு நடுவில் புதைந்து கிடப்பதைப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியாதா? வீட்டு மரத்தில் ஆணி மேலாகத்தான் இருக்கும். உயிரோடு நின்ற மரம் ஆணியை விழுங்கிவிடும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. நம் வெயிலுக்கு வேம்பு ஒரு நாள் வெடிக்கும். மேசையில் சிந்தின மருந்தைச் சுரண்டிச் சுரண்டி மரம் தேயும். என்றைக்காவது அந்த ஆணி தலையைக் காட்டும். அப்போது அங்கே உட்கார்ந்திருப்பது யார்? அவர் பெண்டாட்டி. அன்றைக்கு ஆரம்பித்தது அந்தப் பயம். அதற்குப் பிறகு அவரிடம் வேறு பேச்சே இல்லை.

மறுநாளே கம்பெனிக்குப் போய் போர்மேன் பால்பாண்டியிடம் நின்றார். மேசையைத் திருப்பிக் கொடுங்கள், அதில் ஆணி இருக்கலாம் என்று.

"இருக்கலாமா, இருக்கா?" என்று கேட்டான் பால்பாண்டி.

"தெரியல. அறுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"உள்ள கெடக்கிற ஆணி ஒம்மள என்னய்யா செய்யுது? தீபாவளி லோடு ஏத்தணும். சீசன் முடியட்டும், தூக்கிட்டுப் போயி என்னமும் செய்யும்."

அந்தப் பால்பாண்டியை நான் திட்டாத நாள் கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அன்றைக்கு அவன் சொன்னதில் தப்பு என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. மதினியும் அதையேதான் சொன்னார். ஆனால் குருவம்மாள் அந்த மேசைமுன் உட்காரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பார்த்துப் பார்த்து மற்ற பெண்களுக்கும் உள்ளூர ஒரு கலக்கம் வந்துவிட்டது. கை ஓடாமல் வேலை தேங்கியது. கடைசியில் பால்பாண்டி, "சரி, எடுத்துட்டுப் போய்த் தொலையும். புது டேபிள் சீக்கிரம் வரணும்" என்றான்.

அண்ணன் ஆட்டோ பிடித்துக்கொண்டு போய் மேசையை ஏற்றினார். மதினி ரூம் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, எல்லார் முன்னாலும் வைதார்.

"நல்லாக் கிறுக்குப் பிடிச்சிருக்கு ஒங்களுக்கு. அவ பேய்க்குப் பயப்படுதா, நீங்க ஆணிக்குப் பயப்படுதீக. நடுவுல நான் எங்கன ஒக்காந்து வேல பாக்க?"

"கொஞ்சம் பொறு. வேற செஞ்சு கொண்டாந்துருதேன்" என்றார் அண்ணன். மேசையைக் கண்ட இடத்தில் வைக்கப் பயந்து தன் வேலைக்கொட்டகைக்குள் சுவரோரம் நிறுத்திவிட்டு, அதை அறுத்துப் பார்க்கக்கூட நேரம் எடுக்காமல் புது மேசை வேலையில் இறங்கினார். வாங்குகிற மரத்துக்கெல்லாம் எந்த ஊர், எந்த இடம், யார் வீடு என்று விசாரித்து விசாரித்துத்தான் வாங்கினார். நான் டியூட்டி முடிந்து வரும்போது அவர் கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மேசையை எடுத்துவிட்ட ரூமில் வேலை நடக்கவில்லை. அங்கே இருந்தவர்களைப் பக்கத்து ரூமில் கொண்டுபோய்த் தரையில் சாக்கை விரித்து உட்காரவைத்தான் பால்பாண்டி. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. அதன் கீழேதான் எட்டுப் பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

மதினி வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார். "ரொம்ப நெருக்கமா இருக்குங்க. எந்திரிச்சாக் கூட ஒருத்தி மேல ஒருத்தி விழணும்."

"நாளைக்குப் பூட்டு வேல. அதோட முடிஞ்சுது."

அந்த நாளைக்குத்தான் அந்த ரூம் வெடித்தது.

அண்ணன் புது மேசைக்குக் கடைசி முளையை அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எனக்கு போன் வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. முதலில் குருவம்மாளை இறக்கினார்கள். வாசல் ஓரம் உட்கார்ந்திருந்ததால் வெளியே ஓடிவிட்டாள். தலையும் முதுகும் கருகியிருந்தன. அடுத்து மதினி. நான் அடையாளம் தெரியாமல் அடுத்த ஸ்ட்ரெச்சரைப் பார்க்கப் போனேன். "சிஸ்டர், நாந்தேன்" என்று குரல் கேட்டுத்தான் திரும்பினேன். கடவுளே, அந்தக் குரல் மட்டும் அப்படியே இருந்தது.

தீக்காயத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாகப் பேசுவார்கள். தண்ணீர் கேட்பார்கள், பிள்ளையை விசாரிப்பார்கள், அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலைப் பற்றிக்கூடக் கவலைப்படுவார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வெளியே வந்து, "நல்லாத்தான் பேசுதாக, பொழைச்சுக்கிருவாக" என்று சந்தோஷப்படுவார்கள். எங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்கமாட்டோம். மதினிக்கு முகம், கைகள், நெஞ்சு, வயிறு. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் டாக்டரைப் பார்த்தேன்.

அண்ணனை உள்ளே விட்டபோது, மதினி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அந்த டேபிள அறுத்தீகளா? ஆணி இருந்துச்சா?"

அண்ணன் பார்வை மதினியின் கட்டுப்போட்ட கைகள் மேலேயே இருந்தது.

"கேக்கேன்ல?"

"இன்னும் அறுக்கல."

"அறுத்துப் பாருங்க. ஒங்கள அம்புட்டுப் பேரு முன்னால கிறுக்குன்னு வைஞ்சுட்டேன். அது மனசுல கெடந்து அரிக்குது. ஆணி இருந்திருந்தா நீங்க செஞ்சது சரிதான? எனக்குத் தெரியணும்."

மருந்து ஏற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடம்பு பூராவும் வெந்து கிடக்கிறவளுக்குப் புருஷனை வைதது அரிக்கிறதாம். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் எழில் அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அவளைத் தாய்க்குப் பக்கத்தில் விட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் பஸ் ஏறினார்.

திரும்பி வந்தது மறுநாள் மத்தியானம். வார்டுக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். தலை, புருவம், கண் இமையெல்லாம் மரத்தூள். உள்ளங்கை கொப்புளம் கட்டி உடைந்திருந்தது.

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர்" என்றார்.

"என்ன ஒண்ணுமே இல்ல?"

"விரல் கனத்துக்கு விரல் கனம் அறுத்துட்டேன். காலு, சட்டம், பலக, ஒண்ணு விடல. ஆணியும் இல்ல, ஆணி இருந்த துருக்கறையும் இல்ல. வெறகுக்குப் போன கட்டையிலதான் இருந்திருக்கும். டீக்கட அடுப்புல எரிஞ்சு போயிருக்கும்." அவருக்கு மூச்சு வாங்கியது. "நல்ல டேபிளு சிஸ்டர் அது. அவ அங்கனயே ஒக்காந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நாந்தான் அவள எந்திரிக்க வச்சு அந்த ரூமுக்கு அனுப்பிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வராந்தா என்றும் பார்க்காமல் சத்தம் போட்டேன். "நாலு பேரு ரூம்ல எட்டுப் பேர ஒக்கார வச்சது நீங்களாண்ணே? அந்தப் பால்பாண்டியப் போய்க் கேளுங்க! அவனுக்கு மேல இருக்கிறவனக் கேளுங்க! நீங்க பெண்டாட்டி நல்லாருக்கணும்னு ஒரு மேசையத் தூக்குனீக, அம்புட்டுத்தான்!"

என் சத்தத்துக்கு வார்டு பாய் எட்டிப் பார்த்தான். அண்ணன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

மதினிக்கு அதற்குள் மூச்சு குறுகியிருந்தது. பேச்சு விட்டுவிட்டு வந்தது. இவரைக் கண்டதும் கண் விரிந்தது.

"இருந்துச்சா?"

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இருந்துச்சு" என்றார். "நட்டநடுப் பலகையில. இன்னும் கொஞ்சம் தேய்ஞ்சிருந்தா மேல வந்திருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுசன். அளவில் ஒரு நூல் தப்பினால் கூலியைக் குறைத்து வாங்குகிற மனுசன்.

அடுத்த கட்டிலில் குப்புறக் கிடந்த குருவம்மாள் முனகினாள். "ஆத்தாடி! இருந்துச்சாண்ணே? அதுல என் முடி இருக்கா?"

"முடியெல்லாம் மக்கிப் போச்சு தாயி."

"கொண்டாந்தீகளா?" என்றார் மதினி. "காட்டுங்க. எனக்குப் பாக்கணும்."

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "உள்ள கொண்டாரக் கூடாதுன்னு... சிஸ்டர்ட்ட குடுத்து வச்சிருக்கேன்."

அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல எவளுக்கு மனசு வரும்? "எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்துவிட்டேனே தவிர, ஆணிக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரி பூராவும் ஸ்டீல் சாமான். ஊசி இருக்கிறது, கத்தி இருக்கிறது, ஒரு பழைய ஆணி இல்லை. நர்ஸ் ரூமுக்குள் ஓடினேன். சுவரில் இயேசு படம் மாட்டியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் யாரோ மாட்டியது. படத்தைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பின்னால் ஒரு ஆணி, நன்றாகத் துருவேறியது. சுவர் ஈரம் குடித்து உளுத்திருந்ததால் பிடித்து ஆட்டியதும் காரையோடு கையில் வந்துவிட்டது. பழக்கதோஷம், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கப் போனேன். துரு போய்விடுமே என்று நிறுத்திக்கொண்டேன். காகிதத்தில் சுற்றி எடுத்துப் போய் அண்ணன் கையில் கொடுத்தேன்.

அவர் அதைப் பிரித்து, இரண்டு விரலால் பிடித்து, மதினி கண்ணுக்கு நேரே காட்டினார். நான் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

மதினி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா" என்றார். "இதுக்கா இம்புட்டுப் பாடு."

"ஆமா."

"அப்பச் சரி. நீங்க எடுத்தது நல்லதுதாங்க. இல்லன்னா எல்லாரையும்ல கொண்டு போயிருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் வைஞ்சத மனசுல வச்சுக்கிடாதீக."

அண்ணன் தலையை ஆட்டினார். குருவம்மாள் அழ ஆரம்பித்தாள். எழில் தகப்பனைக் கட்டிக்கொண்டு, "நல்ல வேல செஞ்சீகப்பா" என்றாள். அவளுக்கும் அதுதான் உண்மை. மதினி அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் காலையில் டியூட்டி மாற நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்தது.

அவர்கள் வழக்கப்படி எரிக்க வேண்டும். அண்ணன் ஒரே பிடியாக நின்றுவிட்டார், இன்னொரு தடவை அவள்மேல் தீ படக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்று. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

துக்க வீட்டுக்கு நான் சாயங்காலம் போனேன். ஆணி சமாச்சாரம் அதற்குள் ஊர் பூராவும் போயிருந்தது. எழில் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அழுதிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார்கள். "அவ விதி அங்கன இருந்துச்சு, நீரு என்ன செய்வீரு? நீரு அந்த ஆணியக் கண்டு எடுக்கலன்னா இன்னும் எத்தன உசுரு போயிருக்குமோ. பெரிய புண்ணியம்யா." பால்பாண்டியும் வந்திருந்தான். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒம்ம பேச்ச அன்னைக்கு நான் கேட்டது நல்லதாப் போச்சு" என்றான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன், சாவு வீடு என்று பேசாமல் இருந்தேன். அண்ணன் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். பால்பாண்டிக்கும் ஆட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு கொட்டகைப் பக்கம் போய் நின்றார். நானும் போனேன். உள்ளே வேப்பஞ்சில்லுகள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பக்கத்தில் புது மேசை.

"சிஸ்டர், அவ நெசமுன்னு நம்பித்தான போனா?"

"ஆமாண்ணே. நிம்மதியாத்தான் போனாக."

"எழிலு நம்புதா. குருவம்மா நம்புதா. ஊரு பூராம் நம்புது." கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். "எம் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்னு இனி யாருகிட்டச் சொல்லி நான் அழ?"